நடுச் சங்கிலி

தேநீரில் ஆடை படிந்துவிட்டது சார்ஜன். யாரையாவது கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். குறையாகச் சொல்லவில்லை. ஆடை உதட்டில் ஒட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஒட்டினால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. வெறும் தண்ணீர் போதும். கிளாஸை நானே கழுவிக்கொள்கிறேன்.

என் பெயர் கார்த்திகேசு. அசாம் ஜாவா டவுனுக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் லோரி மண்டோர். பத்தொன்பது வருடமாக லோரியில் பாரம் ஏற்றுவதும் கட்டுவதும் என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் நான் கட்டிய லோரியிலிருந்து ஒரே ஒரு முறைதான் பாரம் சரிந்தது. எண்பத்து மூன்றாம் வருடம் நவம்பர் மாதம். அதில் செல்லன் என்ற ஏற்றுக்கூலி செத்துப்போனான். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பழைய காகிதத்தில் விபத்து என்று இருக்கும். அது விபத்தில்லை. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொண்டே வந்தால் இருவருக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

முதலில் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். அப்போது எங்கள் தோட்டத்தில் பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மரத்தைக் கட்டைகளாக அறுத்து ராசா டவுனில் இருக்கிற பலகை மில்லுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வருகிற லோரிக்குப் பக்கப் பலகை கிடையாது, வெறும் தட்டுதான். மொட்டை லோரி என்போம். தட்டின் இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று இரும்புக் கால்கள் செருகியிருக்கும். அந்தக் கால்களின் உயரத்துக்குக் கட்டைகளை அடுக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் குவித்து, குறுக்கே மூன்று சங்கிலிகளைப் போட்டு இறுக்க வேண்டும். முன் சங்கிலி, நடுச் சங்கிலி, பின் சங்கிலி. இறுக்குவதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புக் கை உண்டு. அதை மடக்கி, திரும்பத் திறந்துகொள்ளாதபடி தலையில் ஒரு வளையத்தை மாட்டிவிட வேண்டும். வளையம் மாட்டாவிட்டாலும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சக்கரம் ஒரு குழியில் இறங்கும்வரை அது அப்படியே நிற்கும்.

கட்டி முடித்ததும் நான் கையிலிருக்கிற கொக்கியால் லோரித் தட்டில் மூன்று தட்டுத் தட்டுவேன். டிரைவர் அழகேசன் இறங்கி வந்து பார்க்கமாட்டான். தட்டுக் கேட்டதும் கியரைப் போடுவான். மண்டோர் தட்டிய பிறகு சங்கிலியை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டுப் பார்த்தால் கட்டியவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். சாராயம் குடித்துவிட்டுத் துரையையே வாய்க்கு வந்தபடி பேசுகிற ஆட்கள்கூட அந்த மரியாதையை மீறமாட்டார்கள்.

என்னிடம் ஐந்து ஏற்றுக்கூலிகள் இருந்தார்கள். மில்லில் கட்டைகளை இறக்க அவர்களும் அதே லோரியில் போக வேண்டும். முன்னால் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். மற்றவர்கள் பின்னால் டிராக்டரில் வரலாம், அதற்கு ஏற்பாடு இருந்தது. ஆனால் ஐந்து பேரும் கட்டைக் குவியலின் மேல்தான் போய் உட்காருவார்கள். மேலே காற்று நன்றாக வருமாம். இரும்புக் கால்களைப் பிடித்துக்கொண்டு, சங்கிலியில் கால் வைத்து, குரங்கு மாதிரி ஏறுவார்கள். எண்பத்தொன்றில் ஒருவன் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. மறு வருடம் இருசப்பன் விழுந்து கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அதே இருசப்பன் மூன்றாவது வாரம் ஒற்றைக் கையால் பிடித்து மேலே ஏறினான். நான் கத்தினேன். மேலேயிருந்து சிரித்தான்.

எனக்கு அவர்கள்மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். அக்கறை. அக்கறை இருக்கிறவனுக்குத்தான் பார்த்துப் பார்த்து வயிறு எரியும்.

செல்லனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். நல்ல வேலைக்காரன், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவன் வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. விடிந்ததிலிருந்து வெற்றிலை. புகையிலையும் சுண்ணாம்பும் போட்டு அரைத்து அரைத்து, கடைவாயில் இரண்டு பக்கமும் சிவப்பு வழிந்து காய்ந்து, மறுபடி அதன்மேல் வழியும். பேசினால் எதிரே நிற்கிறவன் சட்டையில் புள்ளி புள்ளியாக விழும். சுண்ணாம்பு விரலைச் சங்கிலியில் துடைப்பான். கட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்தபடி கீழே பார்க்காமல் துப்புவான். ஒருநாள் குனிந்து வளையம் மாட்டிக்கொண்டிருந்தபோது என் பின்கழுத்தில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அவன் உடனே குதித்து இறங்கி, "ஐயோ மண்டோரண்ணே, பாக்கலலா, மன்னிச்சிருங்க" என்று தன் தோளிலிருந்த துண்டால் துடைக்க வந்தான். அந்தத் துண்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் வீட்டுக்குப் போய்க் கார்பாலிக் சோப்புப் போட்டு நாலு தடவை குளித்தேன். வாசனை போகவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த இடம் நமைக்கிறது.

இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றீர்கள், அதனால் சொல்கிறேன். எச்சில் பட்டதற்காக ஆளைக் கொல்கிறவன் மனுசனே இல்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் நான் ஒரு ஏணி செய்தேன். தோட்டத்துப் பட்டறையில் கிடந்த பழைய கட்டில் இரும்பை வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன். படியில் கால் வழுக்காமலிருக்கப் பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டினேன். பச்சைச் சாயம் அடித்தேன். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி சிவானந்தத்திடம் சொல்லி, பாரத்தின் மேல் உட்கார்ந்து பயணம் செய்யக்கூடாது, ஏற இறங்க ஏணியைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டவும் வைத்தேன். துரை கையெழுத்துப் போட்டார்.

மறு வாரம் அந்த ஏணி ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் கோழிக்கூண்டில் சாய்ந்து கிடந்தது. படி முழுக்கக் கோழிப் பீ. நான் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவித் திரும்ப எடுத்து வந்தேன். இருசப்பன், "மண்டோரு நமக்குக் கல்யாணப் பந்தல் ஏணி செஞ்சிருக்காரு, மாலையும் போட்டாத்தான் ஏறுவோம்லா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் பிறகு ஒரு இரண்டு வாரம் அதை உபயோகித்தான். ஒருவன் திருந்தினால் போதுமா சொல்லுங்கள். மற்றவர்கள் சங்கிலியில் கால் வைத்து ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த அக்டோபரில் எனக்கு ஒரு காயம் பட்டது. இதோ, இந்த உள்ளங்கையில். சங்கிலி பிசகி இழுத்துவிட்டது. நல்ல ஆழம். ரத்தம் கொட்டியது. காயத்துக்கு மருந்து கட்டுகிற தோட்டத்து டிரஸர் அன்று லீவு. நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்லன் ஓடி வந்தான். வந்தவன் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் வாயில் மென்றுகொண்டிருந்ததை அப்படியே விரலால் வழித்தெடுத்து, காயத்துக்குள் வைத்து அமுக்கினான். நான் இழுக்க இழுக்க விடவில்லை. "அசையாதீங்கண்ணே, வெத்திலையும் சுண்ணாம்பும் பட்டா ரத்தம் உடனே நின்னுரும். எங்கப்பா அரிவாள் வெட்டுக்கே இதத்தான் வச்சாரு" என்றான். அவன் எச்சில் என் ரத்தத்தோடு கலந்து விரல் இடுக்கில் ஓடியது. பற்களின் அச்சு அந்தச் சக்கையில் தெரிந்தது. அதன்மேல் அந்தத் துண்டைக் கிழித்துக் கட்டினான்.

ரத்தம் நின்றது, காயமும் சீழ் பிடிக்காமல் ஆறிவிட்டது. அது வேறு விஷயம். நான் வீட்டுக்குப் போய்ப் பல்துலக்குகிற பிரஷால் அந்தக் காயத்துக்குள் தேய்த்தேன். மூன்று நாள் அந்தக் கையால் சாப்பிடவில்லை. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். இன்றும் இந்தக் கையை வாயருகே கொண்டுபோகும்போது எனக்கு முதலில் ஒரு வாசனை வரும். என் உடம்புக்குள் அவன் எச்சில் போய்விட்டது சார்ஜன். அதை எந்த சோப்புப் போட்டு எடுப்பது?

அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் அடுத்தடுத்த மாதத்தில் நடந்தன, அவ்வளவுதான்.

நான் யோசித்தது வேறு. சபாக்கில் என் மச்சான் வேலை செய்கிற தோட்டத்தில் தேங்காய் லோரியிலிருந்து ஒருவன் விழுந்து கழுத்து முறிந்து செத்தான். அதன் பிறகு அங்கே ஒரு வருடம் யாரும் பாரத்தின் மேல் ஏறவில்லை. ஏறச் சொன்னாலும் ஏறமாட்டோம் என்றார்களாம். மச்சான் இதைச் சொன்னபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. அடியாத மாடு படியாது என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு நோட்டீஸும் புரியாது, ஏணியும் புரியாது, முறிந்த கைகூடப் புரியாது. ஒரு பிணம் புரியும். எப்படியும் என்றைக்காவது ஒருவன் விழத்தான் போகிறான். அவன் விழும்போது கூட நாலு பேரையும் இழுத்துக்கொண்டு விழுவதற்குப் பதிலாக, ஒருவன் மட்டும், ஒரு முறை மட்டும், நான் பார்த்து ஏற்பாடு செய்த இடத்தில் விழுந்தால் மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

யார் என்பதில் எனக்கு விருப்பு வெறுப்பு இல்லை. யாராக இருந்தாலும் பாடம் ஒன்றுதான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். முதல் நாள் பெய்த மழையில் மண் ஊறியிருந்தது, தூறலும் விடவில்லை. பாரம் ஏற்றி முடிந்தது. இருசப்பனையும் இன்னொருவனையும் முன்னால் அழகேசன் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். மழை என்பதால் மறுபேச்சில்லாமல் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். இரண்டு பேரைக் கிளை இழுக்க வெட்டுக்காட்டிலேயே நிறுத்திவைத்தேன். தேவையில்லாமல் ஒருவனுக்கும் அடிபடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன், அதையும் எழுதுங்கள். செல்லன் மேலே இருந்தான். முன் சங்கிலி, பின் சங்கிலி இரண்டுக்கும் வளையம் மாட்டினேன். நடுச் சங்கிலிக்கு மாட்டவில்லை. பிறகு கொக்கியை எடுத்து மூன்று தட்டுத் தட்டினேன்.

பொய்த் தட்டு அது ஒன்றுதான்.

அரை மைல் தள்ளி ஒரு வாய்க்கால், அதன்மேல் பலகைப் பாலம். பாலத்தில் ஏறுகிற இடத்தில் ஒரு குழி உண்டு. நான் நின்ற இடத்துக்குச் சத்தம் கேட்டது. ஓடவில்லை, நடந்துதான் போனேன். நடுவில் இருந்த இரும்புக் கால் ஒன்று பெயர்ந்து, மேலே இருந்த கட்டைகள் ஒரு பக்கமாக உருண்டிருந்தன. செல்லன் அவற்றுக்கு அடியில் இருந்தான். தலையும் ஒரு தோளும் மட்டும் வெளியே. வாயிலிருந்து சிவப்பாக வழிந்தது. அது ரத்தமா வெற்றிலையா என்று தெரியாமல் இருசப்பன் தன் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். துடைத்த கையை அவன் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். நான் திரும்பி நின்றேன்.

துரை வந்தார், பிறகு உங்கள் ஆட்கள் வந்தார்கள். நடுச் சங்கிலி எப்படித் தளர்ந்தது என்று கேட்டார்கள். உட்காருகிற இடத்தில் உறுத்துகிறது என்று மேலே இருந்தவன் எட்டித் தளர்த்தியிருப்பான் என்று சொன்னேன். சுவரில் ஒட்டிய நோட்டீஸையும் காட்டினேன். தடையை மீறிப் பாரத்தின் மேல் ஏறி, சங்கிலியைத் தளர்த்தி, தன் கவனக்குறைவால் இறந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். பதினைந்து வருடம் ஒழுங்காகக் கட்டியவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறதல்லவா.

அவன் மனைவி வேலம்மா நாற்றுமேட்டில் களை எடுக்கிறாள். பதினாறாம் நாள் கழித்து என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அண்ணே, மேல ஏறமாட்டேன்னு அவரு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. மண்டோரண்ணன் சொல்றது நம்ம நல்லதுக்குத்தான்னு சொன்னாரு. பின்ன எப்படிண்ணே ஏறுனாரு?" என்றாள். ஆம்பிளைகள் வீட்டில் சொல்வது ஒன்று, வெளியில் செய்வது ஒன்று என்று சொல்லி அனுப்பினேன். அவள் போகவில்லை. "அவரு சொன்ன சொல்லுக்கு மாறமாட்டாருண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, அதே நாளில் வந்து அதே கேள்வியைக் கேட்பாள். நானும் அதே பதிலைச் சொல்வேன்.

இப்போது பலனைப் பாருங்கள். நான்கு வருடம். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஒருவன்கூட லோரியிலிருந்து விழவில்லை, ஒருவன்கூடப் பாரத்தின் மேல் ஏறவும் இல்லை. நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது. இதை நான் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. பரவாயில்லை என்று இருந்தேன். செய்த நன்மையைச் சொல்லிக்காட்டுவது எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் அவர்கள் ஏறாமலிருந்ததற்குக் காரணம் நான் நினைத்தது இல்லை. கருமாதி முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், இருசப்பன் ஒரு வெற்றிலையை மடித்துப் பாக்கு வைத்து நடுச் சங்கிலிக்கு அடியில் செருகினான். என்ன இது என்று கேட்டேன். "செல்லண்ணன் மேல உக்காந்து வருவாருலா, அவருக்கு" என்றான். சங்கிலிக்கும் கட்டைக்கும் நடுவில் இலை இருந்தால் வழுக்கும், எடு என்றேன். எடுத்தான். நான் திரும்பியதும் மறுபடி செருகினான். மற்றவர்களும் செய்தார்கள். இப்போதெல்லாம் பாரத்தின் மேல் ஏறுவதில்லையா என்று கேட்டால், "அண்ணன் இருக்கிற எடத்துல நம்ம எப்படிண்ணே உக்காருறது" என்பார்கள். இதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம்.

பிறகு, பெயர்ந்து விழுந்த அந்த இரும்புக் காலைப் பலகைப் பாலத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். மஞ்சள் துணி சுற்றினார்கள், குங்குமம் வைத்தார்கள். லோரிச் செல்லன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இது என்ன கூத்து, அவன்தானே சங்கிலியைத் தளர்த்தி விழுந்தான் என்று நான் ஒருநாள் கேட்டேன். இருசப்பன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "மண்டோரண்ணே, ஒங்க கட்டு அவுறாது. செல்லண்ணன் நீங்க தட்டுன சங்கிலியத் தொடமாட்டாரு. ரெண்டும் நடக்காதுன்னா அப்ப அது சாமி காரியம்லா. பாலத்து மேல காவலுக்கு ஆளு வேணும்னு அவரக் கூப்பிட்டுக்கிச்சு" என்றான்.

என்மேல் சந்தேகப்பட மனம் வராமல் ஒரு சாமியையே உண்டாக்கிவிட்டார்கள்.

இப்போது வேறு தோட்டத்து லோரிகளும் அங்கே நிற்கின்றன. டிரைவர்கள் இறங்கி வெற்றிலை போட்டு, மென்று, அந்தக் காலுக்கு அடியில் துப்பிவிட்டுப் போகிறார்கள். அவனுக்குப் பிடிக்குமாம். நான்கு வருடத்துத் துப்பல். மண்ணே சிவந்து, அதன்மேல் ஈ மொய்த்து, வெயில் நேரத்தில் அந்தப் பக்கம் நடந்தால் நாற்றம் மூக்கில் ஏறும். நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். வேலம்மா மட்டும் அங்கே ஒருநாளும் வெற்றிலை வைத்ததில்லை. போன வருடம் அவளிடம் கேட்டேன், உன் புருசனை எல்லாரும் கும்பிடுகிறார்களே, சந்தோசம்தானே என்று. "எம்புருசன் சாமி ஆவ வேணாம்ணே. அவரு பேச்சு மாறி மேல ஏறலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். புள்ளைங்க ஸ்கூல்ல கேக்குறாங்க" என்றாள்.

போன மாதம் துரைக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. நான்கு வருடமாக லோரி வேலையில் விபத்தே இல்லாத தோட்டம் என்று. எப்படி முடிந்தது என்று எழுதி அனுப்பக் கேட்டிருந்தார்கள். சிவானந்தம் கிராணி ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அத்தனை பேரும் ஒரே வாயாக, லோரிச் செல்லன் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பத்தொன்பது வருடம் சங்கிலி இழுத்து உள்ளங்கை தேய்ந்தவன் நான். ஏணி செய்தவன் நான். ராத்தூக்கம் கெட்டு யோசித்து வழி கண்டுபிடித்தவன் நான். புகழ் போகிறது, வாய் துடைக்கத் தெரியாத ஒருவனுக்கு.

நேற்று அவனுக்கு நாலாம் வருடப் பூசை. முதல் மரியாதை எனக்குத்தான் என்று முடிவு செய்திருந்தார்கள். வரமாட்டேன் என்றேன். வீட்டுக்கே வந்து கூட்டிப்போனார்கள். நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். இருசப்பன் அந்த இரும்புக் காலுக்கு முன்னால் வைத்திருந்த வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்தான். "அண்ணன் ஒங்க கையில மருந்து வச்சாருல்லண்ணே, அவரு பிரசாதம், வாயத் தொறங்க" என்றான். நான் இந்தக் கையை நீட்டினேன், கையில் கொடு என்று. கேட்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் விரலோடு என் வாய்க்குள் வைத்தான்.

மென்றேன். வேறு வழியில்லை. எச்சில் ஊறியது. அதே வாசனை. என் கடைவாயில் வழிந்ததை அவன் தன் துண்டால் துடைத்துவிட்டு, "இப்பப் பாத்தா நம்ம செல்லண்ணன் மாதிரியே இருக்கீங்க" என்றான். கூட்டம் சிரித்தது, அன்பாகத்தான் சிரித்தது. நான் வாய்க்காலில் இறங்கிப் போய் வாந்தி எடுத்தேன். குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது இதுதான். நான்கு வருடமாக அந்தத் தோட்டத்தில் யாரும் விழாததற்குக் காரணம் லோரிச் செல்லன் அல்ல, மண்டோர் கார்த்திகேசு. அதற்காக ஒருவனை விழவைத்ததும் நான்தான். தண்டனை எதுவோ அதைக் கொடுங்கள். அந்த இரும்புக் காலைப் பிடுங்கிவிட்டு, அங்கே இருக்கிற மண்ணை வெட்டி எடுத்து, டெட்டால் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது.

இன்னும் என்ன? ஆமாம், அதை நான் சொல்லவில்லை. ஏறமாட்டேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அன்று மேலே எப்படிப் போனான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வேலம்மாவும் நான்கு வருடமாக அதைத்தான் கேட்கிறாள்.

அவன் முன்னால் உட்காரத்தான் போனான். இடமில்லை, இருசப்பனையும் மற்றவனையும் நான் அங்கே உட்காரவைத்திருந்தேன். டிராக்டரில் வருகிறேன் என்றான். டிராக்டர் இன்றைக்கு வராது என்றேன். அப்படியானால் நடந்து போய்ப் பெரிய ரோட்டில் பஸ் ஏறிக்கொள்கிறேன் என்றான். மழையில் மூன்று மைல். நான்தான் சொன்னேன், நடுச் சங்கிலியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, பெரிய ரோடு வரும்வரை நீ மேலே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு வா என்று.

"நீங்கதாண்ணே ஏறக்கூடாதுன்னீங்க" என்றான்.

"இன்னைக்கி மட்டும். வேற யாரையும் நம்பிச் சொல்ல முடியாது" என்றேன்.

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாயிலிருந்ததை, எனக்குப் பிடிக்காது என்று தெரிந்து, தள்ளிப்போய்ப் புதரில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஏறிய பிறகுதான் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டான். மேலேயிருந்து, "ஏணிய பத்தரமா வச்சிருங்கண்ணே, கோழி அசிங்கம் பண்ணிரும்" என்றான். நான் ஏணியை எடுத்து மரத்தில் சாய்த்துவிட்டு வந்து தட்டினேன்.

இதை வேலம்மாவுக்குத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன். பெண்பிள்ளை, தப்பாக எடுத்துக்கொள்வாள். இது ஆள் பார்த்துச் செய்த காரியம் இல்லை சார்ஜன், மேலே ஏறுகிறவர்களுக்காகச் செய்தது. ஏணியா? இருக்கிறது. சாயம்கூடப் போகவில்லை. ஐந்து பேரில் அதில் கால் வைத்தவன் செல்லன் ஒருவன்தான்.